போக்சோ வழக்கு, குற்றவாளிகள் பதிவேடு, நம் பிள்ளைகள்: நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் பள்ளியிலோ எஸ்டேட் லைனிலோ (தேயிலைத் தொழிலாளர் குடியிருப்பு) சட்ட விழிப்புணர்வுக் கூட்டம் முடிந்ததும் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைச் சுற்றுக்கு விடுவது என் வழக்கம். பெயர் வேண்டாம், கேள்வியை மட்டும் சீட்டில் எழுதிப் போட்டால் போதும். வாய்விட்டுக் கேட்கச் சொன்னால் பட்டா தகராறும் முதியோர் பென்ஷனும்தான் வரும். டப்பாவுக்குள் வருவது வேறு. கொஞ்ச வருடங்களாக ஒரே பயம் திரும்பத் திரும்ப வருகிறது: போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்கில் மாட்டிய பையன், அவன் பேர் எங்கோ ஒரு பட்டியலில் ஏறிவிட்டதா, இனி அவன் கதி என்ன. அந்தச் சீட்டுகளைத்தான் இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். நான் வழக்கறிஞர், நீதிபதி இல்லை. உங்கள் வீட்டு வழக்கின் கதை வேறாக இருக்கலாம். இதைப் படித்ததோடு நின்றுவிடாமல் ஒரு வக்கீலையும் பாருங்கள்.

பாலியல் குற்றவாளிகள் லிஸ்ட் என்று அரசாங்கத்திடம் ஒன்று இருக்கிறதாமே, உண்மையா?

உண்மை. 2018 செப்டம்பர் 20 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் தேசியப் பாலியல் குற்றவாளிகள் தரவுத்தளத்தைத் தொடங்கியது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் அதைப் பராமரிக்கிறது. தொடங்கிய அன்றே அதில் ஏறக்குறைய 4.4 லட்சம் பதிவுகள் இருந்தன. வன்புணர்வு, கூட்டு வன்புணர்வு, போக்சோ, பெண்களைச் சீண்டுதல் போன்ற வழக்குகளில் தண்டனை பெற்றவர்களின் பெயர், முகவரி, புகைப்படம், கைரேகை எல்லாம் அதில் உண்டு.

ஆனால் அது காவல்துறைக்கும் புலனாய்வு அமைப்புகளுக்கும் மட்டுமே திறக்கும். விசாரணையில் பார்ப்பார்கள், வேலைக்கு வருகிறவர்களின் பின்னணியைச் சரிபார்க்கும்போது பார்ப்பார்கள். நீங்களோ நானோ செல்போனில் தட்டிப் பார்க்க முடியாது. வாட்ஸப்பில் யாராவது ‘லிஸ்ட் வந்திருக்கு’ என்று லிங்க் அனுப்பினால் அது இந்தத் தரவுத்தளம் இல்லை, தொடாமல் விடுங்கள்.

என் பையன் மேல் எஃப்.ஐ.ஆர் போட்டிருக்கிறார்கள். அப்போதே பேர் ஏறிவிடுமா?

அந்தப் பட்டியலில் ஏறாது. அது தண்டனை பெற்றவர்களுக்கானது. உங்கள் பையன் மேல் இப்போதைக்கு இருப்பது குற்றச்சாட்டு. எஃப்.ஐ.ஆர்-ஐ 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோதும், பாலியல் குற்றங்களையும் போக்சோ வழக்குகளையும் அதிலிருந்து விலக்கிவிட்டது. காவல்துறைக் கணினியில் மட்டும் அது இருக்கும். வேலைக்கு, பாஸ்போர்ட்டுக்கு வெரிஃபிகேஷன் வரும்போது தலைகாட்டும்.

சட்டப்படி பதில் இவ்வளவுதான். ஆனால் சீட்டை எழுதிய அம்மா கேட்டது இது மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். மகளிர் ஸ்டேஷன் ஜீப் லைனுக்கு வந்து போன அன்று சாயங்காலமே பத்து வீட்டுக்கும் விஷயம் தெரிந்துவிடும். மறுநாள் இலை எடை போடுகிற இடத்தில் தெரிந்துவிடும். ஹட்டியில் (படுகர் ஊரில்) ஒரு கல்யாணம் என்றால் அந்தப் பையனின் அப்பாவை எங்கே உட்கார வைப்பது என்று யோசிப்பார்கள். இந்தப் பட்டியலை யாரும் பராமரிக்கவில்லை, பெயரை நீக்கச் சொல்லி மனுப் போடவும் இடமில்லை. டெல்லியில் இருப்பதற்காவது விதிமுறை உண்டு.

அந்தப் பொண்ணுக்கு 17 வயசு. அவளாக இஷ்டப்பட்டுத்தான் பழகினாள். அப்புறம் எப்படிக் குற்றம்?

எனக்கு அதிகமாக வரும் கேள்வி இதுதான். போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் அமலில் இருக்கிறது. அதில் 18 வயது நிரம்பாத எவரும் குழந்தை. ஆணும் குழந்தைதான், பெண்ணும் குழந்தைதான். குழந்தையின் சம்மதத்துக்குச் சட்டத்தில் மதிப்பு இல்லை. அவள் கடிதம் எழுதியிருந்தாலும், அவளே பஸ் ஏறி வந்திருந்தாலும், ‘நான்தான் கூப்பிட்டேன்’ என்று நீதிபதியிடம் சொன்னாலும், குற்றம் குற்றமாகவே நிற்கும்.

இந்த 18 என்ற எண் காலங்காலமாக இருந்தது இல்லை. 1860-இல் இந்தியத் தண்டனைச் சட்டம் எழுதப்பட்டபோது சம்மத வயது 10. 1891-இல் 12 ஆனது, 1925-இல் 14, 1940-இல் 16. அதற்கப்புறம் எழுபது ஆண்டுகளுக்கு மேல் 16 அப்படியே இருந்தது. 2012-இல்தான் 18 ஆனது. ஆகவே உங்கள் அம்மா காலத்தில் குற்றமாக இல்லாதது உங்கள் மகன் காலத்தில் குற்றம். பெரியவர்கள் ‘நாங்கள் எல்லாம் அந்த வயசில் குழந்தையே பெற்றுவிட்டோம்’ என்று சொல்லும்போது பிள்ளைகளுக்குத் தப்பான சட்டம் போய்ச் சேருகிறது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

வயதை மறுபடியும் குறைக்க வேண்டுமா என்ற வாதம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. 2019-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வி. பார்த்திபன், 16 வயதுக்கு மேற்பட்டவர்களின் காதல் உறவுகளைக் கடும் பிரிவுகளிலிருந்து விலக்கலாம், இருவருக்கும் வயது இடைவெளி ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று யோசனை சொன்னார். 2023 செப்டம்பரில் சட்ட ஆணையம் தன் 283-ஆவது அறிக்கையில் வயதைக் குறைக்க வேண்டாம் என்றது. 16 முதல் 18 வரையிலானவர்கள் மனமொத்துப் பழகிய வழக்குகளில் தண்டனையைக் குறைக்கும் அதிகாரத்தை மட்டும் நீதிபதிக்குக் கொடுக்கலாம் என்றது. 2025-இல் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் வயதைக் குறைப்பதை எதிர்த்தது. யோசனை, அறிக்கை, வாதம் எதையும் நம்பிப் பிள்ளை வளர்க்க முடியாது. கையில் இருக்கும் சட்டம் 18.

எவ்வளவு தண்டனை?

பாலியல் நோக்கத்தோடு தொட்ட குற்றத்துக்கு 3 முதல் 5 ஆண்டு. உடலுறவு என்றால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சமே 10 ஆண்டு. பெண்ணுக்கு 16 வயது ஆகவில்லை என்றால் 20 ஆண்டு. அவள் கருவுற்றிருந்தால் அது ‘கடுமையான’ பிரிவுக்குப் போய்விடும், அதற்கும் குறைந்தது 20 ஆண்டு. குறைந்தபட்சம் என்று சட்டம் எழுதிவிட்டால் விசாரணை நீதிமன்றம் அதற்குக் கீழே இறங்க முடியாது. 19 வயதில் உள்ளே போகிறவன் 39 வயதில் வெளியே வருவான். கூட்டத்தில் இந்தக் கணக்கைச் சொல்லும்போது பின்வரிசைப் பையன்களின் சிரிப்பு நின்றுவிடும். பயமுறுத்தத்தான் சொல்கிறேன், மறைக்கவில்லை.

நாங்கள் யாருமே புகார் கொடுக்கவில்லையே. போலீஸ் எப்படி வந்தது?

பெரும்பாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்து. வாந்தி, தலைச்சுற்றல் என்று பெண்ணைக் கூட்டிப் போகிறீர்கள், அல்லது கர்ப்பிணிகள் பதிவுக்குப் போகிறீர்கள். பிக்மி எண் (அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்) போட வயது கேட்கிறார்கள். 17 என்றதும் செவிலியருக்கு வேறு வழியில்லை. போக்சோவில் விஷயம் தெரிந்த எவரும் போலீசுக்கு அல்லது சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத் தலைவர் என்றால் ஒரு வருடம் வரை. அந்த நர்ஸ் அக்கா மேல் கோபப்படாதீர்கள்.

இதில் 2022 செப்டம்பரில் ஒரு சிறு வாசல் திறந்தது. மனமொத்த உறவில் கருவுற்ற சிறுமி கருக்கலைப்புக்கு வரும்போது, சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் போலீசுக்குத் தரும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் சொல்லத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இது தெரியாமல் போலீசுக்குப் பயந்து நாட்டு மருந்து தின்று உயிருக்குப் போராடிய பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முதலில் ஆஸ்பத்திரி, மற்றது அப்புறம்.

கல்யாணம் பண்ணி வைத்துவிட்டால் வழக்கு போய்விடுமா?

போகாது, இன்னொரு வழக்கு சேரும். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 ஆகாமல் நடத்தினால் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் வரும். தாலி எடுத்துக் கொடுத்த பெரியவர்களும் மாட்டுவார்கள். கட்டிய மனைவி என்றாலும் 18 ஆகவில்லை என்றால் அது வன்புணர்வே என்று 2017 அக்டோபரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

‘ஆனால் ஒருத்தரை விட்டுவிட்டார்களே’ என்று சொல்வீர்கள். ஆமாம், 2022 மே மாதம். தமிழ்நாட்டு வழக்குத்தான். அக்கா மகளுடன் பழகிய தாய்மாமன், கீழ் நீதிமன்றத்தில் 10 ஆண்டு தண்டனை. அதற்குள் அவளையே கட்டி இரண்டு குழந்தைகளும் ஆகிவிட்டன. அமைதியாக நடக்கிற குடும்பத்தைக் கலைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. நம் ஊரில் தாய்மாமன் முறை உரிமை என்பதால் இந்தத் தீர்ப்பு வேகமாகப் பரவியது. அதே உத்தரவில் இதை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்று எழுதியிருப்பது மட்டும் பரவவில்லை.

சரி, ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்தால்?

போக்சோவில் சமரசத்துக்கு இடமில்லை. 2024 நவம்பரில் ராஜஸ்தானில் ஒரு ஆசிரியர் மேல் இருந்த வழக்கை, மாணவியின் அப்பாவோடு சமரசம் ஆனது என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்ததை உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. பணம் கைமாறும் பஞ்சாயத்தில் பெண்ணின் குரலுக்கு இடமே இருப்பதில்லை. நான் போன ஒரு பஞ்சாயத்தில் அந்தப் பெண்ணைக் கூப்பிடவே இல்லை, டீ கொடுக்க மட்டும் வந்து போனாள்.

இளவயதுக் காதல் வழக்கு என்றால் உயர் நீதிமன்றத்தில் ரத்து மனுப் போடலாம். 2021 ஜனவரியில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், பெண்ணும் அவள் தாயுமே வந்து கேட்டுக்கொண்ட ஒரு வழக்கில், ஆட்டோ ஓட்டிய இளைஞர் மேல் இருந்த போக்சோ வழக்கை ரத்து செய்தார். பதின்வயதுக் காதலைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமாக இருந்ததே இல்லை என்றார். ஆனால் இது சலுகைதான், உரிமை இல்லை. நீதிபதிக்கு நீதிபதி மாறும்.

காதல் கேஸ் என்றால் கைது பண்ணக் கூடாது என்று டி.ஜி.பி. உத்தரவு இருக்கிறதாமே?

2022 டிசம்பரில் அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு சுற்றறிக்கை அனுப்பினார். மனமொத்த காதல் வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது வேண்டாம், நோட்டீஸ் கொடுத்து விசாரிக்கலாம், எதைச் செய்தாலும் காரணத்தைக் கோப்பில் எழுத வேண்டும் என்பது சாரம். கைது கூடாது என்ற தடை இல்லை. ஸ்டேஷனுக்குப் போகும்போது இதை மரியாதையாக ஞாபகப்படுத்துங்கள். சட்டம் பேசிச் சண்டை போட்டால் பையனுக்குத்தான் நஷ்டம்.

பையனுக்கும் 17தான். அவன் வாழ்க்கை முடிந்ததா?

இல்லை. சிறார் நீதிச் சட்டம், 2015, இவனுக்காகத்தான் இருக்கிறது. அவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது, சிறைக்கு அனுப்பக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ஜாமீன் கொடுப்பது பொதுவிதி, மறுப்பதற்குத்தான் காரணம் எழுத வேண்டும். தவறு செய்தான் என்று குழுமம் முடிவு செய்தாலும் ஆலோசனை, சமூகச் சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பு, அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறப்பு இல்லம்.

இங்கே இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது 24-ஆம் பிரிவு. குழுமத்தில் முடிந்த வழக்கால் அந்தப் பிள்ளைக்கு எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் ஆவணங்களை அழிக்க வேண்டும். 74-ஆம் பிரிவுப்படி முடிந்த வழக்கைப் பற்றிக் குணச் சான்றிதழில்கூட போலீஸ் எழுதக் கூடாது. வெலிங்டனில் ராணுவ மையம், அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிற மாவட்டம் இது. பிளஸ் டூ முடித்த பையன்களில் பாதிப் பேர் காலையில் ஓடிப் பழகுவது ராணுவத்துக்காக. அவர்களுக்கு இந்த இரண்டு பிரிவும் சோறு. சிறு வயது வழக்கைக் காட்டி மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையில் வேலை மறுத்தது செல்லாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

ஒரு ஓட்டை உண்டு. குறைந்தபட்சத் தண்டனை 7 ஆண்டோ அதற்கு மேலோ உள்ள குற்றம் ‘கொடுங்குற்றம்’. அதில் 16 முதல் 18 வயதுக்குள் இருப்பவனை, மனமுதிர்ச்சியை மதிப்பிட்டு, பெரியவனாகக் கருதி விசாரிக்கச் சிறார் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். போக்சோவின் 10 ஆண்டு அந்தக் கணக்கில் வந்துவிடுகிறது. அப்படிப் பெரியவனாக விசாரித்துத் தண்டித்தால் ஆவணம் அழியாது. ஆகவே அந்த மதிப்பீடு நடக்கும் நாள்தான் வழக்கின் பெரிய நாள். ‘குழுமத்தில்தானே இருக்கிறது’ என்று வக்கீல் இல்லாமல் போகாதீர்கள்.

ரெண்டு பேருக்குமே 17 என்றால் பையன் மேல் மட்டும் ஏன் வழக்கு?

சட்டத்தில் ஆண், பெண் பேதம் இல்லை. இருவரும் குழந்தைகள், தர்க்கப்படி இருவர் மேலும் போடலாம், அல்லது இருவரையும் பாதிக்கப்பட்டவர்கள் என்று சொல்லலாம். நடைமுறையில் புகார் பெண் வீட்டில் இருந்து வருகிறது, பையன் குற்றம் சாட்டப்பட்டவன் ஆகிறான். பையன் சாதியில் ஒரு படி கீழே, அல்லது லைன் வீட்டுப் பையன் எஸ்டேட் எழுத்தர் வீட்டுப் பெண்ணைக் காதலித்தான் என்றால் புகார் இன்னும் வேகமாக வரும். இதை எழுதினால் சிலருக்குப் பிடிக்காது. வழக்குக் கட்டுகளைப் புரட்டிப் பார்த்தவள் சொல்கிறேன்.

என் தம்பிக்கு 19. காலேஜ் இரண்டாம் வருஷம். இப்போ என்ன ஆகும்?

இந்தச் சீட்டு கூடலூர்ப் பக்கம் ஒரு அக்கா எழுதியது. கஷ்டமான பதில் இதற்குத்தான். 18 முடிந்து ஒரு நாள் ஆனாலும் சிறார் சட்டத்தின் குடை கிடையாது. 17 வயதுப் பெண்ணுக்கும் 19 வயதுப் பையனுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு பிளஸ் டூ பரீட்சை; சட்டத்தில் ஒருத்தி குழந்தை, மற்றவன் குழந்தைகளுக்கு எதிரான குற்றவாளி. முன்பின் தெரியாத சிறுமியைத் தூக்கிப் போனவனுக்கும் இவனுக்கும் ஒரே சட்டம், ஒரே சிறை, தண்டனை ஆனால் ஒரே தரவுத்தளம்.

தண்டனை வரை போக வேண்டியதில்லை, அதற்கு முன்பே வாழ்க்கை கரையத் தொடங்கும். ரிமாண்டில் போகும் நாட்களில் செமஸ்டர் போகும். வெளியே வந்தால் நிபந்தனை ஜாமீன்: தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்து. கோவையில் படிக்கிற பையன் தினமும் மலையேறி வந்து கையெழுத்துப் போட்டால் எப்படிப் படிப்பான்? (நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு மனுப் போடலாம். யாரும் சொல்லித் தருவதில்லை.) அப்புறம் வாய்தா. போக்சோ வழக்குகள் ஊட்டி மகளிர் நீதிமன்றத்தில் நடக்கின்றன. கூடலூரில் இருந்து சுமார் 50 கிலோமீட்டர், பந்தலூர் என்றால் இன்னும் அதிகம். ஜூலை மழையில் மண் சரிந்து ரோடு நின்றால் பஸ் இல்லை. வராவிட்டால் வாரன்ட். பையனோடு அப்பா வருவார், அவருக்கு அன்றைய கூலி போகும். விசாரணையை ஒரு வருடத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று போக்சோவிலேயே இருக்கிறது. முடிந்தவரை என்ற சொல்லும் அதே வரியில் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு பையன் வழக்கு முடியும் வரை கேரட் கழுவும் மெஷினில் வேலை பார்த்தான். ராத்திரி வேலை என்பதால் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம் என்றான். விடுதலை ஆகித் திருப்பூருக்குப் போனவன் இன்னும் பொங்கலுக்குக்கூட ஊருக்கு வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு இதற்குள் வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. சாட்சி சொல்ல வந்தவள் கைக்குழந்தையோடு வந்தாள்.

விடுதலை ஆகிவிட்டால் போலீஸ் வேலைக்குப் போகலாமா?

தீர்ப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதிகளில், ‘சந்தேகத்தின் பலனை’ அளித்து விடுவிக்கப்பட்டவர் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார். ஆகவே வாதத்தின்போதே உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள்: வெறும் விடுதலை போதாது, குற்றமே நிரூபிக்கப்படவில்லை என்று தெளிவாக எழுதிய விடுதலை வேண்டும். விண்ணப்பத்தில் வழக்கை மறைக்கவும் கூடாது. மறைத்தது தனிக் குற்றமாகப் பார்க்கப்படும். பாஸ்போர்ட்டுக்கு, வழக்கு நிலுவையில் இருந்தால் நீதிமன்ற அனுமதி வாங்கலாம்.

கூகுளில் பேர் போட்டால் தீர்ப்பு வருகிறது. எடுக்க முடியுமா?

பெண்ணின் பெயர் எங்கேயும் வரக் கூடாது, வெளியிட்டால் தண்டனை. 18 தாண்டிய பையனுக்கு அந்தக் காப்பு இல்லை, விடுதலையானவனுக்கும் இல்லை. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி, பெயரை நீக்கச் சட்டம் இல்லை என்றார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு நீக்கச் சொன்னது. அந்த ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. பொதுவில் பதிவேடு வைப்பதில்லை என்று நம் நாடு தீர்மானித்தது. தேடுபொறி வழியாக அரைகுறையாக ஒன்று உருவாகிவிட்டது, அதுவும் விடுதலையானவர்களையும் சேர்த்து.

அமெரிக்கா மாதிரி போட்டோவோடு எல்லார் பேரையும் போட்டால் நல்லதுதானே?

இதை எழுதியவர் ஒரு ஆசிரியர் என்று கையெழுத்தே சொன்னது. நியாயமான ஆசைதான். அங்கே நடந்ததைக் கேளுங்கள்.

1989 அக்டோபரில் மின்னசோட்டாவில் ஜேக்கப் வெட்டர்லிங் என்ற 11 வயதுச் சிறுவன் கடத்தப்பட்டான். அவன் பெயரில் 1994-இல் பதிவேட்டுச் சட்டம் வந்தது. 1996-இல் மேகன் சட்டம் அதைப் பொதுமக்களுக்குத் திறந்தது. 2006-இல் வந்த ஆடம் வால்ஷ் சட்டம், சில குற்றங்களுக்கு 14 வயதுப் பிள்ளைகளையும் பட்டியலில் சேர்க்கச் சொன்னது. குழந்தைகளைக் காப்பாற்றத் தொடங்கிய பட்டியலில் குழந்தைகளே ஏறினார்கள். ஜேக்கப்பின் தாய் பேட்டி வெட்டர்லிங்தான் முதல் சட்டத்துக்காகப் போராடியவர். அவரே பின்னாளில் இது எல்லை மீறிவிட்டது என்று வெளிப்படையாகச் சொன்னார். 2018-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பதிவேட்டில் ஏறிய பிள்ளைகளையும், அதே மாதிரித் தவறு செய்து சிகிச்சைக்கு வந்து பதிவேட்டில் ஏறாத பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். ஏறியவர்களிடம் அண்மையில் தற்கொலைக்கு முயன்றதாகச் சொன்னது நான்கு மடங்கு அதிகம். சிறார்களை ஆயுள் முழுக்கப் பட்டியலில் வைப்பது செல்லாது என்று ஒஹையோ உச்ச நீதிமன்றம் 2012-இலும் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் 2014-இலும் தீர்ப்பளித்தன.

வசிப்பிடத் தடை இன்னொன்று. அயோவா மாகாணத்தில் பள்ளி, குழந்தைக் காப்பகத்தில் இருந்து 2,000 அடிக்குள் குடியிருக்கக் கூடாது என்று விதி வந்தது. அதாவது சுமார் 600 மீட்டர். நம் எஸ்டேட்டில் அந்த வட்டத்தைப் போட்டுப் பாருங்கள். லைன் வீடு, அங்கன்வாடி, தொடக்கப் பள்ளி, ரேஷன் கடை, கோயில் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். வேலை இருந்தால்தான் லைன் வீடு. பையனோடு சேர்ந்து குடும்பமே மலையிறங்க வேண்டியிருக்கும்.

பிரிட்டனில் 1997 முதல் பதிவேடு உண்டு. போலீசிடம் மட்டும். 18 வயதுக்குக் கீழ் இருந்தால் காலம் பாதி. ஆயுள் முழுக்க என்றால் மறுபரிசீலனை இருக்க வேண்டும் என்று 2010-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்குப் போட்டவர்களில் ஒருவர் குற்றம் செய்தபோது 11 வயதுச் சிறுவன். மூடிய பட்டியல், வயதுக்கேற்ற காலம், வெளியே வர ஒரு கதவு: பதிவேடு வேண்டும் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. நம்முடையதில் முதலாவது இருக்கிறது.

வாட்ஸப்பில் யாரோ அனுப்பிய வீடியோ போனில் இருந்தால்கூட வழக்கா?

ஆகும். சிறார் ஆபாசப் படத்தை அழிக்காமல், புகார் செய்யாமல் வைத்திருப்பதே குற்றமாகலாம் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பார்ப்பது, பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம். தம்பிகளே, காதலி தானாக அனுப்பிய படம் என்றாலும் அவளுக்கு 18 ஆகவில்லை என்றால் இதே கதைதான். சண்டை வந்ததும் நண்பனுக்குக் காட்டுகிறீர்கள் பாருங்கள், அதை நான் காதல் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

மேடம், நீங்கள் குற்றவாளிகளுக்கு ஆதரவாகப் பேசுகிறீர்களா?

இந்தச் சீட்டை மடிக்காமலே போட்டிருந்தார்கள். டியூஷன் மாஸ்டர், உறவுக்காரர், பக்கத்து வீட்டுப் பெரியவர் என்று எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகளைக் கெடுத்தவர்கள் மேல் நடந்த வழக்குகளில் பிள்ளையின் பக்கம் நின்றிருக்கிறேன். ஒரு சிறுமி சாட்சிக் கூண்டு உயரம்கூட இல்லை. போக்சோ இல்லை என்றால் அவளுக்கு எதுவும் இல்லை. அந்தச் சட்டத்தை யாரும் தளர்த்தக் கூடாது.

அதனால்தான் சொல்கிறேன். அதே மகளிர் ஸ்டேஷன், அதே இரண்டு பெண் போலீஸ், அதே நீதிமன்றம். ஓடிப்போன ஜோடியைத் தேடித் திருப்பூர் வரை ஜீப் போகும் வாரத்தில், அங்கன்வாடிப் பிள்ளையின் வாக்குமூலம் காத்திருக்கிறது. வயதில் பெரியவர், அதிகாரத்தில் இருப்பவர், மிரட்டியவர், ஏமாற்றியவர் ஒரு வகை. ஒரே பஸ்ஸில் பள்ளிக்குப் போன இரண்டு பேர் இன்னொரு வகை. 17 வயதுப் பெண்ணை 30 வயதுக்காரர் ‘காதலித்தேன்’ என்று வந்தால் அவரை முதல் வகையில்தான் வைப்பேன்.

பையனைப் பற்றியே பேசுகிறீர்கள். பொண்ணு?

சரியான கேள்வி. அவளை வீட்டார் ஏற்கவில்லை என்றால், அல்லது அவள் வீட்டுக்குப் போக மறுத்தால், குழந்தைகள் நலக் குழு இல்லத்துக்கு அனுப்புகிறது. பாதுகாப்புக்குத்தான், ஆனால் அவள் கண்ணுக்கு அது பூட்டிய கதவு. பழகியவனோடே குடும்பம் நடத்திய ஒரு மேற்கு வங்கப் பெண்ணின் வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், அவன் குற்றவாளி என்று தீர்ப்பான பிறகும், அரசியல் சட்டத்தின் 142-ஆவது பிரிவு தரும் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி அவனுக்குத் தண்டனை கொடுக்காமல் விட்டது. சமூகம் அவளைக் குறை சொன்னது, சட்டம் அவளுக்கு உதவவில்லை, பெற்ற குடும்பம் கைவிட்டது, கணவனை மீட்க நடத்திய போராட்டமே அவளுக்குப் பெரிய காயமானது என்று நீதிபதிகள் பதிவு செய்தார்கள். (அந்த ஆணுக்கு 25, அவளுக்கு 14. அதை விட்டுவிட்டு இதை மட்டும் சொல்லக் கூடாது.)

அவளிடம் விசாரிக்கும் போலீஸ் சீருடையில் இருக்கக் கூடாது. அவள் வீட்டிலோ அவள் கேட்கும் இடத்திலோ வைத்துத்தான் வாக்குமூலம். துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாம், இடைக்கால இழப்பீடும் கேட்கலாம். கேட்டால்தான் கிடைக்கும்.

இப்போதே வழக்கு வந்துவிட்டது. முதலில் என்ன செய்ய?

வயதுச் சான்றைத் தேடுங்கள். வழக்கு முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. சட்டப்படி முதலில் பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று; அது இல்லை என்றால் ஊராட்சி, நகராட்சி தரும் பிறப்புச் சான்று; எதுவுமே இல்லை என்றால்தான் எலும்புப் பரிசோதனை. ஆதார் இந்த வரிசையில் இல்லை. எஸ்டேட் பக்கம் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஹெட்மாஸ்டர் குத்துமதிப்பாக ஒரு ஜூன் மாதத் தேதியைப் போட்டிருப்பார். அந்தத் தேதிதான் இன்று உங்கள் பையனை 18-க்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நிறுத்தும். தவறு என்றால் அதைக் காட்டும் ஆஸ்பத்திரிப் பதிவு, தடுப்பூசி அட்டை எதையும் தூக்கிப் போடாமல் வக்கீலிடம் கொடுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் ஊட்டி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. இலவசம், தொலைபேசி 15100. பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098, இரவிலும் எடுப்பார்கள். எங்கேயும் வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பையனின் செல்போனில் எதையும் அழிக்காதீர்கள். அப்புறம், அவனை ராத்திரி தனியாகப் படுக்க விடாதீர்கள்.